போரில் எல்லாவற்றையும் இழந்தவருக்கு வாழ்க்கையில் என்ன அர்த்தம்? கிறிஸ்தவம் என்ன சொல்கிறது?

கிறிஸ்தவம் முதலில் தருவது விளக்கத்தை அல்ல, உறவை. கடவுளையும் அவர் அனுப்பிய இயேசுவையும் அறிவதே நிலைவாழ்வு என்கிறது யோவான் நற்செய்தி (17:3).

2008 ஏப்ரலில் இலங்கையில் போர் நெருங்கியபோது, மன்னார் மாவட்டத்து மடுத் திருத்தலத்தில் இருந்த மடு மாதாவின் திருச்சுருவத்தைத் தேவன்பிட்டி என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். வன்னி மக்களும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் அவர்கள் செபமாலை சொன்னது துன்பத்தின் காரணம் விளங்கியதால் அல்ல. சிலுவையில் “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று கதறியவருக்குத் தங்கள் அழுகையும் புரியும் என்று நம்பினார்கள். என் பார்வையில் விசுவாசத்தின் உயிரே இதுதான்.

ஆகவே, கோபம் இருந்தால் அதையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திருப்பாடல்களில் எத்தனையோ புலம்பல்கள் உண்டு, அவையும் செபம்தான். பிள்ளைகளை இழந்து தனித்திருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சியிடமும் போய்ச் சற்று நேரம் இருங்கள். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தின்படி அங்கேயும் நீங்கள் சந்திப்பது அவரைத்தான்.