ஏசி சத்தம் போட்டால் கேஸ் தீர்ந்துவிட்டதா?

தம்பி, வாடகை வீட்டு ஏசி இரவில் 'பொளக் பொளக்' என்கிறது, தெரிந்தவர் ஒருவர் கேஸ் குறைந்துவிட்டது என்கிறார், நிரப்பலாமா, இல்லை புதிதாக வாங்கலாமா, எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனத்தை விடுங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கவலை எதற்கு?

முதலில் அந்தத் 'தெரிந்தவரை' நிறுத்துங்கள். நம் ஆட்கள் கூடும் இடமெல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். எந்தச் சத்தத்தைச் சொன்னாலும் கேஸ் என்பார். ஏசியில் இருக்கும் வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும். கசிவென்றால் குளிர்ச்சி குறையும், உள்ளே குழாய்ச் சுருளில் பனிக்கட்டி படியும், சில சமயம் 'உஸ்' என்ற சத்தம் விடாமல் கேட்கும். நீங்கள் இவற்றில் எதையும் சொல்லவில்லையே.

சத்தம் வரும்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். நம் ஊர் மாதிரி இல்லை, இந்த வெளிநாட்டு வீடுகளில் ஜன்னலைச் சாத்தினால் காற்றே புகாது. ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, வெளிக்காற்று ஏசியின் வடிகால் குழாய் வழியாக நுழையும். குழாயில் நிற்கும் தண்ணீர் குமிழியிடும். ஜன்னலைச் சற்றுத் திறங்கள். சத்தம் நின்றால் ஏசியில் பழுதே இல்லை. நான் வந்த புதிதில் இருந்த அறையில் இரவுப் பணி முடித்து வருகிறவர் நள்ளிரவில் சமைப்பார். உடனே ஏசி பேசத் தொடங்கும். அறையில் பாதிப் பேர் பேய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்து பேயோட்டியது நான்தான்!

'டக், டக்' என்பது சூட்டிலும் குளிரிலும் பிளாஸ்டிக் விரிந்து சுருங்குவது. குளிர்காலத்தில் அதே ஏசியைச் சூடேற்றப் பயன்படுத்தினால், வெளி யூனிட்டின் ஃபேன் நின்று, 'புஸ்' என்று ஆவி கிளம்பும். தீ என்று பதறாதீர்கள். படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது.

'கிரீச்' என்று தேய்ந்தால் பெரும்பாலும் மோட்டார் பேரிங். வெளி யூனிட்டில் இரும்பு மோதினாலோ, 'உம்ம்' என்று முனகி 'டிக்' என்று நின்று மறுபடி முனகினாலோ, உடனே பிரேக்கரை அணைத்துவிடுங்கள். அந்த முனகல், வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் கிளம்பத் திணறுவது. யூடியூப் பார்த்து மூடியைக் கழற்றும் வீரம் வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பிறகும், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் அது தங்கியிருக்கும்.

சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 'வாயைத் திறந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்' என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். எங்கள் அறையில் மூத்தவர் ஒருவர் அப்படித்தான், கிரீச் சத்தத்தை வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிவிட்டு இருந்தார். காலி செய்தபோது, யாரும் சொல்லவே இல்லை என்று மோட்டார் செலவை அவருடைய முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.