தாலிக்கொடியில் தொங்கும் ஊக்கு: எம்.ஆர்.ஐ. பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்குக் கழுத்து ஸ்கேன். தாலியைக் கழற்ற மாட்டேன்னு நிக்காங்க. தங்கம்தான் காந்தத்தில் ஒட்டாதே? (களக்காடு)

பதில்: தங்கம் ஒட்டாது, உண்மை. ஆனால் நம் பக்கத்துத் தாலிக்கொடியில் ஓர் ஊக்காவது தொங்கும், அது எஃகு. ஸ்கேன் மெஷினின் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு. அறைக்குள் போனதும் ஊக்கு பிய்த்துக்கொண்டு பாயும், முகத்துக்குப் பக்கத்திலேயே. தங்கக் கொடியும் மெஷின் அனுப்பும் ரேடியோ அலையில் சூடேறலாம். கழுத்துப் படத்தையும் கெடுக்கும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியை மகளிடம் கொடுத்துவிட்டு வரச்சொல்லுங்கள். மெட்டி சோப்புத் தண்ணீரில் வழுக்கி வந்துவிடும். வராவிட்டால் டெக்னீசியனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அரைஞாண், தாயத்து, ஹேர்பின், ஜரிகைச் சேலை எதுவும் உள்ளே வேண்டாம். படுத்தபின் கைகளைக் கோக்கவோ கால்களைப் பின்னவோ கூடாது. தோலோடு தோல் தொட்டால் மின்சுற்று உண்டாகி அந்த இடம் சுட்டுவிடும்.

கேள்வி: எங்க அப்பா ராத்திரி 10 மணிக்கு நல்லாப் படுத்தாங்க. காலையில் 5 மணிக்கு எழும்பும்போது வலது கை விளங்கலை. வாதம் எப்போ வந்ததுன்னு ஸ்கேன் சொல்லுமா? (அம்பாசமுத்திரம்)

பதில்: ஓரளவு சொல்லும். ரத்தம் நின்ற இடத்தில் மூளைச் செல்கள் வீங்க, அங்கே நீரின் நடமாட்டம் முடங்குகிறது. டிஃப்யூஷன் என்ற எம்.ஆர்.ஐ. படம் அதைச் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகக் காட்டும். ஃப்ளேர் என்ற இன்னொரு எம்.ஆர்.ஐ. படத்தில் அதே இடம் வெளுக்கச் சில மணி நேரம் ஆகும். முதலாவதில் வெள்ளை, இரண்டாவதில் இன்னும் இல்லை என்றால், அடைப்பு பெரும்பாலும் 4.5 மணி நேரத்துக்குள் வந்தது; உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை யோசிக்கலாம். இப்படிப் படம் பார்த்துப் போட்டால் பலன் உண்டு என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் எம்.ஆர்.ஐ. தேடி அலைய வேண்டாம். சி.டி.யும் அந்த ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை வீட்டில் விசாரியுங்கள். ராத்திரி 2 மணிக்கு ஒன்றுக்குப் போய்விட்டு ஒழுங்காக நடந்து வந்து படுத்தார் என்று ஒருவர் சொன்னாலே கணக்கு 10-லிருந்து 2-க்கு மாறிவிடும், காலை 6.30 வரை வழி உண்டு. டாக்டர் சொல்லும்வரை ஆஸ்பிரின், காப்பி, தண்ணீர் எதுவும் வாயில் வேண்டாம்.

கேள்வி: ஓர் இடத்தில் முழங்கால் ஸ்கேன் 25 நிமிடம், இன்னோர் இடத்தில் 8 நிமிடம். சீக்கிரம் முடிந்தது மட்டமானதா? (பாளையங்கோட்டை)

பதில்: இல்லை. புதிய மெஷின்கள் குறைந்த அளவீடுகளை எடுத்து மிச்சத்தைக் கணக்கிட்டு நிரப்புகின்றன. படத்தில் படியும் புள்ளிக் கலங்கலை நீக்கச் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. வலியோடு அசையாமல் கிடப்பவருக்கு நேரம் குறைவதே பெரிய லாபம். அசைந்தால் எந்த மெஷினிலும் படம் கலங்கும்.

கேள்வி: 20 வருசமா மடியில் சுளகை வச்சு பீடி சுத்துறேன். முதுகு ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்'னு இருக்கு. ஆபரேஷனா? (முக்கூடல்)

பதில்: அந்தச் சொல்லுக்காக இல்லை, அம்மா. வலியே இல்லாதவர்களை எடுத்தாலும் 20 வயதில் சுமார் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு அது தெரியும். சிறுநீர் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்குவது: இவை வந்தால் அன்றே போங்கள். வலியோடு காய்ச்சலோ எடை குறைவோ இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வெல்டிங் வேலை. தொடையில் பிளேட் இருக்கு. 3 டெஸ்லாதானே நல்லது? (பேட்டை)

பதில்: பிளேட் பக்கத்தில் 1.5 தான் நல்லது. புலம் கூடக்கூட உலோகத்தைச் சுற்றிப் படம் அதிகமாகச் சிதையும். ஆபரேஷன் சீட்டைக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியம், எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் தெறித்ததா என்பது. சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. உள்ளே கிடக்கும் துகள் நகர்ந்தால் பார்வை போகலாம்.

கேள்வி: கிரியாட்டினின் கூடுதல். பித்தக்குழாய்க் கல்லுக்கு எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாயைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.) எழுதியிருக்காங்க. படம் தெளியப் போடுற மருந்து ஊசி கிட்னியைக் கெடுக்குமா? (வள்ளியூர்)

பதில்: இதற்கு ஊசியே வேண்டாம். பித்தநீரே வெள்ளையாகத் தெரியும்; கல் அதில் கறுப்பாக விழும். 4 மணி நேரம் வெறும் வயிறு போதும். குடலில் தண்ணீர் நின்றால் அதுவும் வெளுத்து, குழாயை மறைத்துவிடும்.