கொம்பை வைத்து முறை சொல்லாதீர்கள்: மலையக ஓணான்கள் பற்றிய கேள்வி பதில்

நுவரெலியாவிலிருந்து ஒருவர்: அண்ணா, தேயிலைச் செடியில் ஒரு பச்சை ஓணான், கன்னம் கறுப்பு. கீழே ஊர்களில் பார்க்கும் பச்சை ஓணான்தானா?

இல்லை. அது கலோட்டஸ் நிக்ரிலாப்ரிஸ், நம் மலைநாட்டுக்கே சொந்தம். ஹோட்டன் சமவெளியிலும் பார்க்கலாம். கீழே உள்ள பச்சை ஓணானில் இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை சிவந்துவிடும்.

மாத்தளைத் தம்பி: நக்கிள்ஸ் மலை ஓணானுக்கு இலை மாதிரிக் கொம்பு, ஹக்கலை ஓணானுக்கு முள் மாதிரிக் கொம்பு. கொம்பு இரண்டுக்கும் ஒரே பாட்டன் கொடுத்த சொத்தா?

நல்ல கேள்வி தம்பி. இரண்டும் செராட்டோஃபோரா என்ற ஒரே பேரினம், இலங்கையில் மட்டுமே உண்டு. ஆனால் கொம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஹக்கலை ஓணானுக்கு மூக்கு நுனியின் ஒரே செதில் நீண்டு வெள்ளை முள்ளாக நிற்கும். நக்கிள்ஸ் ஓணானின் கொம்போ சதைப்பற்றானது, மேலே பல சின்னச் செதில்கள். அதே பேரினத்தில் 1998இல் பெயர் பெற்ற எர்டெலெனி, கரு என்ற ரக்வானை மலை இனங்களுக்குக் கொம்பு பேருக்குத்தான். 2002இல் வெளியான மரபணு ஆய்வு, கொம்பு ஒரே மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வரவில்லை, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக முளைத்தது என்று காட்டியது. எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

ஹட்டன் அக்கா: இவ்வளவு சின்ன நாட்டில் இன்னும் புது இனம் எப்படிக் கிடைக்கிறது?

பள்ளத்தாக்குதான் காரணம் அக்கா. குளிர்க்காட்டு ஓணான் சூடான தாழ்வைக் கடக்காது. நக்கிள்ஸை நடு மலைநாட்டிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கு பிரிக்கிறது. கோஃபோட்டிஸ் என்ற குள்ள ஓணானில் 1861இல் பெயரிட்ட ஒரே இனம்தான் இங்கே என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். நக்கிள்ஸில் இருப்பது வேறு இனம் என்று 2006இல் பிரித்து, கோஃபோட்டிஸ் டும்பரா என்று பெயர் வைத்தார்கள். செதில்களை எண்ணி, அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் இப்படிப் பிரிப்பார்கள்.

ஹக்கலையில் ஒருமுறை, 1861இல் பெயர் பெற்ற அந்தக் குள்ள ஓணானைப் பார்த்தேன். பாசி பிடித்த கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு, பாசியோடு பாசியாக அசையாமல் இருந்தது. இது முட்டையிடாது, குட்டி போடும். குளிர் மண்ணில் முட்டை பொரிப்பது கடினம். வயிற்றில் வைத்துக்கொண்டால் தாய் வெயில் காய்ந்து சூடு கொடுக்கலாம் என்பது பொதுவான விளக்கம்.

பதுளை மாணவர்: ஒன்றைப் பிடித்து அனுப்பட்டுமா சார்?

வேண்டாம் தம்பி, பிடிப்பது சட்டப்படி குற்றம். மூக்கும் வாலும் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். எந்த மலை, எவ்வளவு உயரம், எந்தத் தேதி என்று எழுதி அனுப்புங்கள். அப்புறம் சேர்ந்து பார்ப்போம்.