மலையிலிருந்து பொருளியல் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பி.ஏ. பொருளியல், பொது நிர்வாகம், பி.பி.ஏ. என்று விண்ணப்பிக்கும் நீலகிரிப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

கோத்தகிரி மாணவி: மேடம், கணக்கு என்றாலே எனக்குப் பயம். பொருளியல் எடுக்கலாமா?

தாராளமாக எடும்மா. தொடக்கத்தில் சதவீதம், சராசரி, வரைபடம் உறுதியாக இருந்தால் மற்றது பின்னால் வரும். நிறையப் பேர் வழுக்குவது சதவீதத்தில். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாயிலிருந்து 25 ஆனது என்று வை. ஏற்றம் 25 சதவீதம். மறுபடி 20க்கே வந்தால் இறக்கம் 20 சதவீதம்தான். ஏன் என்று நீயே போட்டுப் பார். வங்கி வட்டி 8 சதவீதத்திலிருந்து 10 ஆனால், கூடியது 2 சதவீதப் புள்ளி. கடன் வாங்கியவர் கட்டும் வட்டியோ கால் பங்கு ஏறிவிட்டது. விடைத்தாள் திருத்தும்போது என் சிவப்பு மை அதிகம் செலவானது இங்கேதான்.

வரைபடத்தில் ஒன்று: பொருளியலில் விலை செங்குத்து அச்சில் இருக்கும். கணக்கு வாத்தியார் சொன்னதற்குத் தலைகீழாகத் தெரியும். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளியலாளர் காலத்து வழக்கம், இன்றும் யாரும் மாற்றவில்லை.

குன்னூர் மாணவர்: பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தே நல்ல மார்க் வாங்கினேன். அது போதாதா?

போதாது தம்பி. விலை குறைந்தால் அளிப்பு, அதாவது விற்பனைக்கு வரும் அளவு, குறையும் என்று ஒப்பிப்பாய். தேயிலை ஏலம் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு, இலை விலை விழுந்தாலும் பறிப்பு ஏன் நிற்பதில்லை என்று யோசித்தாயா? விட்டால் இலை முற்றிப்போகும். பறித்ததை அன்றன்றே ஃபேக்டரிக்குப் போட்டாக வேண்டும். செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போடலாம் என்றால், பிறகு தேயிலைக்குத் திரும்பினாலும் புதுச் செடி பலன் தரச் சில வருடம் காத்திருக்க வேண்டும். விலை மாறினாலும் அளிப்பு உடனே பெரிதாக மாறாத இதைத்தான் குறுகிய கால அளிப்பு நெகிழ்ச்சி குறைவு என்கிறோம். விதி எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று பத்து வரி எழுதத் தெரிந்தால் முதலாண்டைத் தாண்டிவிடுவாய்.

மஞ்சூர் மாணவி: தமிழ் மீடியம். ஆங்கிலப் புத்தகம் புரியுமா?

புரியும். தமிழ்நாடு பட்ஜெட் உரை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தினம் ஒரு பத்தி படி. 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட்டும் உண்டு; நம் பிள்ளைகளுக்கு அதுவே சுலபமான தொடக்கம்.

கூடலூர் அம்மா ஒருவர்: மகன் பொது நிர்வாகம் படிக்க ஆசைப்படுகிறான். பொது அறிவு இருந்தால் போதுமா?

பொது அறிவு டிஎன்பிஎஸ்சிக்கு உதவும். பட்டப் படிப்புக்கு வேறு பழக்கம் வேண்டும்மா. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வந்ததே, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உத்தரவு உயர் நீதிமன்றத்தினுடையது, நடைமுறைப்படுத்துவது மாவட்ட நிர்வாகம். லாட்ஜ்காரருக்கு என்ன, டாக்ஸி ஓட்டுபவருக்கு என்ன, சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு என்ன? ஒரே பக்கத்தில், யார் பக்கமும் சாயாமல் எழுதட்டும். திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குப் போகும் பக்கத்து வீட்டாருக்கு மனு எழுதிக் கொடுத்தாலும் நல்ல பயிற்சிதான்.

ஊட்டி மாணவர்: பி.பி.ஏ.வுக்கு விலை உயர்ந்த லேப்டாப் வேண்டுமா சார் என்று அப்பா கேட்கச் சொன்னார்.

நான் சார் இல்லை, மேடம்! எக்செல் ஓடுகிற எதுவும் போதும். வீட்டு மளிகைச் செலவை மூன்று மாதம் அதில் ஏற்று. கூட்டல், சராசரி, ஒரு வரைபடம் போடு. எந்த மாதம் ஏன் கூடியது என்று அப்பாவுக்கு விளக்கு. லேப்டாப் வேண்டுமா என்பதை அதன்பின் அவரே முடிவு செய்யட்டும்.