சத்தம் போடாத கட்டிலுக்குத் தாதி ஏன் முதலில் போனார்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. குடல் அடைப்புக்கு ஒப்பரேஷன் செய்து வாட்டில் வைத்திருக்கிறார்கள். பல வருடமாகப் பிரஷர் குளிசை எடுப்பவர். இரண்டாம் நாள் இரவு நோவில் சத்தம் போட்டார். நான் போய்க் கூப்பிட்டும் தாதி அப்பாவிடம் வரவில்லை. எதிர்க்கட்டிலில் பேசாமல் வியர்த்துக் கிடந்த சீனி வருத்தக்காரரிடம் போய் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு ஊசி போட 25 நிமிடம் ஆனது. வெளியே நின்ற ஒருவர், "கொஞ்சம் காசு தந்தால் நல்ல கவனிப்புக்கு ஒழுங்கு செய்கிறேன், இல்லாவிட்டால் பிரைவேற்றுக்கு மாற்றித் தருகிறேன்" என்கிறார். நடந்தது அலட்சியம்தானா? நாங்கள் என்ன செய்யலாம்? – சாவகச்சேரி வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது அலட்சியம் இல்லை. அந்த இரவு அந்த வாட்டில் தாதியாக நான் நின்றிருந்தாலும் எதிர்க்கட்டிலுக்குத்தான் முதலில் போயிருப்பேன்.

ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிடும்போது, யாருடைய நோவு பெரிது என்று தாதி கணக்குப் பார்ப்பதில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் யாருடைய உயிருக்கு ஆபத்து என்றுதான் பார்க்கிறார். மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு ஒழுங்காகப் போகிறதா, இரத்தோட்டம் சரியா, நினைவு தெளிவா: இந்த ஒழுங்கில்தான் எங்கள் கண் ஓடும். உரத்துக் கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, நினைவும் இருக்கிறது. இன்சுலின் போடுகிற ஒருவர் பேச்சில்லாமல் வியர்த்துக் கிடந்தால், இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதோ என்ற பயம்தான் எங்களுக்கு முதலில் வரும். அளவு 70க்குக் கீழே போனாலே குறைவு. 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். வலிப்பு வரலாம், மயக்கம் வரலாம். விரலில் குத்திப் பார்த்து நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் ஆள் சில நிமிடங்களில் எழும்பி இருப்பார். அந்தச் சில நிமிடங்கள் தவறினால் ஆளே தவறிப்போகவும் கூடும்.

ஆனால் 25 நிமிடம் சரி என்று நான் சொல்லமாட்டேன். வயிற்று ஒப்பரேஷன் செய்தவர் நோவில் கிடந்தால் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், இருமவும் மாட்டார். சளி தேங்கி நெஞ்சில் கிருமி பிடிக்கும். "ஐயா, இவரைப் பார்த்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் வேலை செய்த ஒரு வாட்டில் இரவுக்கு இரண்டு தாதியர், கட்டில் நிறைந்து நிலத்திலும் பாய். இரண்டு பேரில் ஒருவர் பாதி இரவும் கொப்பி எழுதிக்கொண்டிருப்பார். பதிவேடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வரும். வருத்தக்காரரின் மூச்சை முழு நிமிடம் எண்ணினார்களா என்று கேட்க ஒருவரும் வரமாட்டார். அதனால் மூச்சுக்கான கட்டத்தில் எல்லோருக்கும் 20 என்று எழுதி வைப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெறுத்துப் போயிருக்கிறது. ஒருவர் மோசமாகப் போகிறார் என்பதை அநேகமாக முதலில் காட்டிக்கொடுப்பதே மூச்சின் வேகம்தான்.

அதை நீங்களே எண்ணலாம். அப்பாவுக்குச் சொல்லாமல் பக்கத்தில் இருந்து, நெஞ்சு எழும்பித் தாழ்வதை மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சாதாரணம். 25 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பேச்சு. நேற்றுவரை தெளிவாகக் கதைத்தவர் இன்று உங்களைப் பார்த்து "நீ ஆர்?" என்று கேட்டால், "அப்பாவுக்கு அறளை பேர்ந்திட்டுது" என்று விட்டுவிடாதீர்கள். அறளை ஒரே இரவில் பேராது. கிருமி, ஒட்சிசன் குறைவு, உப்புக் குறைவு, மருந்து என்று ஏதோ ஒரு காரணம் உள்ளே இருக்கும். மூச்சு, நாடி, பிரஷர் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆள் மோசமாகிறாரா என்று பார்க்க, பிரித்தானியாவில் 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கைப் புள்ளி முறையை 2017இல் திருத்தியபோது, புதிதாக வந்த தடுமாற்றத்துக்கு ஆக உயர்ந்த 3 புள்ளியைக் கொடுத்தார்கள். அந்த ஒன்றே போதும், வைத்தியரைக் கூப்பிட.

சொல்லும் விதமும் முக்கியம். "அப்பாவுக்கு ஏலாமல் கிடக்கு, வந்து பாருங்கோ" என்பதை ஒரு இரவில் நாங்கள் நாற்பது தரம் கேட்போம். "ஒன்பது மணிக்கு நல்லாய்க் கதைத்தவர், இப்ப என்னைத் தெரியேல்லை, மூச்சு எண்ணினேன் 28" என்று சொல்லிப் பாருங்கள். தாதி உடனே எழும்புவார். வைத்தியரை எழுப்பவும் அவருக்கு அந்த எண் கையில் வேண்டும். மானிப்பாயில் டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். இன்றைக்கும் தலைமாட்டு அட்டை முழுக்க ஆங்கிலத்தில் கிடக்கிறது, பக்கத்தில் இருக்கிற மகனுக்கு ஒன்றும் விளங்காது. அதனால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சலப் பையை நீங்களாக ஊற்றிவிடாதீர்கள். உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள், அதோடு அளவு போய்விடும். 60 கிலோ ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றராவது போக வேண்டும். குறைந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை. வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால், மாமி கொண்டுவந்த கஞ்சியில் ஒரு கரண்டியும் கூடாது. சேலைன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சில்லைத் தொடவே வேண்டாம்.

இனி அந்த வெளியே நின்ற ஆள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரச வைத்தியசாலை வாட்டில் சிகிச்சை இலவசம், இரத்தமும் இலவசம். யாரை முதலில் பார்ப்பது என்பதை வருத்தம்தான் தீர்மானிக்கும், விற்பதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. நீங்கள் காசு கொடுத்த பிறகு தாதி வழமைபோல வந்து ஊசி போடுவார், அவன் "பார்த்தீர்களா" என்பான். பிரைவேற்றுக்கு மாற்றுவது இன்னும் மோசம். குடல் ஒப்பரேஷன் செய்து மூன்றாம் நாள் ஒருவரை வானில் ஏற்றினால், வயிற்றைத் திறந்து பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் கூடப் போகமாட்டார். மாற்றத்தான் வேண்டும் என்றால் அந்த நிபுணரிடமே நேரே கேளுங்கள். முறைப்பாடு இருந்தால் வாட் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அங்கே சரிவராவிட்டால் பணிப்பாளர் அலுவலகம் இருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு அவசரம் என்றால் 1990 என்ற எண்ணுக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதுவும் இலவசம். இந்தத் தரகர்கள் பிடிப்பது பயந்துபோன பிள்ளைகளைத்தான். அப்படி நகையை அடகு வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பா பிரஷர் குளிசை எடுப்பவர். குளிசையின் பெயர் "லோல்" என்று முடிகிறதா பாருங்கள்: அற்றெனலோல், பிசோப்ரோலோல், ப்ரோப்ரனோலோல் போல. இந்த வகை இதயத் துடிப்பைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே இரத்தம் கசிந்தாலும் கிருமி பரவினாலும் மற்றவருக்கு நாடி 120, 130 என்று ஏறும். இவருக்கு 90இலேயே நிற்கலாம். அட்டையைப் பார்க்கிறவர் "நாடி நல்லாய் இருக்கு" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அப்படி ஒருவர் எங்கள் கண் முன்னாலேயே மோசமாகிப் போனார். நாடி மட்டும் கடைசிவரை அழகாக இருந்தது. இவர்களுக்கு நாடியை நம்பாமல் மூச்சு, நினைவு, சலம், கை கால் குளிர்ச்சி இவற்றைப் பார்க்க வேண்டும். சீனி இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும்கூட இந்தக் குளிசை மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம், திடீரென நிறுத்தினால் இதயத்துக்குக் கேடு.

இன்று பின்னேரம் வாட்டுக்குப் போகும்போது அப்பாவின் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கொண்டு போங்கள். வாட் சிஸ்டரிடம் காட்டி, இந்தக் குளிசை எடுப்பவர் என்று தலைமாட்டு அட்டையில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், எழுதும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.