ராஜினாமா செய்தால் பென்ஷன் தப்புமா?

தென் ஆப்பிரிக்க அரசு ஊழியர்களுக்கான வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 54 வயது, 29 வருஷ சர்வீஸ், வருஷச் சம்பளம் 4 லட்சம் ராண்ட். "அரசாங்கம் பென்ஷன் பணத்தில் கை வைக்கப் போகிறது, அதற்குள் ராஜினாமா செய்து பணத்தை எடுத்துவிடு" என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒன்று வருகிறது. எங்கள் பள்ளியில் இரண்டு பேர் கடிதமே எழுதி வைத்திருக்கிறார்கள். கொழுந்தனாரும் எடுத்துவிடு என்கிறார். என்ன செய்ய?
- ஓர் ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

பதில்: அந்த இரண்டு பேரையும் கடிதத்தை டிராயரில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள் அக்கா. இதே வதந்தி 2014, 2015 வாக்கிலும் ஊரைச் சுற்றியது. அப்போது பயந்து வேலையை விட்ட ஆசிரியர்கள் ஏராளம். யாரும் எந்தப் பணத்தையும் பிடுங்கவில்லை. விட்டவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் கார் வாங்கினார், பெண் கல்யாணத்தை ஜாம்ஜாம் என்று நடத்தினார், இப்போது 63 வயதில் வீட்டு கராஜில் டியூஷன் எடுக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். நம்முடைய ஜி.இ.பி.எஃப்., அதாவது அரசு ஊழியர் பென்ஷன் நிதி, தருகிற பென்ஷன் சந்தையின் ஏற்ற இறக்கத்தை வைத்து வருவதில்லை, சூத்திரத்தை வைத்து வருவது. கடைசி இரண்டு வருஷச் சம்பளத்தின் சராசரியை 55-ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 360 ராண்ட் சேர்த்தால் வருஷப் பென்ஷன். கிராஜுவிட்டி தனி, சம்பளத்தில் 6.72 சதவீதத்தை வருஷத்தால் பெருக்க வேண்டும். நீங்கள் 60 வரை இருந்தால் 35 வருஷம். சம்பளம் இன்றைக்கு இருப்பதே என்று வைத்தாலும் கையில் 9,40,800 ராண்டும், அதற்குமேல் மாதம் சுமார் 21,240 ராண்டும் வரும், உயிரோடு இருக்கிறவரை. உங்களுக்குப் பிறகு வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு பங்கு. 55-இல் முன்கூட்டி ஓய்வு பெற்றால் 60-க்குக் குறையும் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்றில் ஒரு சதவீதம் வெட்டுவார்கள், அதாவது மொத்தம் 20 சதவீதம். அதையாவது யோசிக்கலாம்.

ராஜினாமா செய்து காசாக எடுத்தால் முதல் 27,500 ராண்டுக்குத்தான் வரி இல்லை, ஓய்வு பெற்று வாங்கும் தொகைக்கு 5,50,000 வரை வரி இல்லை. போதாததற்கு 2024 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஓய்வு வயது வரை தொடவே முடியாது. கொழுந்தனார் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று கேளுங்கள்.

கேள்வி: மாசாமாசம் யூனியன் சந்தா பிடிக்கிறார்கள். பென்ஷனைக் காப்பாற்ற இவர்கள் என்ன கிழித்தார்கள்? அரசு மின்சாரக் கம்பெனி எஸ்காமின் கடனை அடைக்க நம் பணத்தைக் கொடுக்கலாம் என்று சொன்னதே யூனியன்காரர்கள்தானே!
- ஆஸ்பத்திரி ஊழியர், ஃபீனிக்ஸ்

பதில்: கோபம் பாதி நியாயம். அந்த யோசனையை வைத்தது கொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு, அதுவும் வேலையைக் காப்பாற்றத்தான் என்றார்கள். ஆனால் அதை உரக்க எதிர்த்ததும் பி.எஸ்.ஏ. என்ற இன்னொரு அரசு ஊழியர் யூனியன்தான். ஆகவே இதை அரசாங்கம் ஒரு பக்கம், யூனியன் ஒரு பக்கம் என்று பார்க்காதீர்கள். யூனியனுக்குள்ளேயே நடக்கிற சண்டை இது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும் சாயங்காலம், கூட்டத்துக்குப் போன பதினைந்து பேர் உங்கள் பெயரில் கை தூக்கிவிடுகிறார்கள். நான் 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்தவன், அதில் பாதி வருஷம் நானும் போகாதவன்தான், அதனால் ரொம்பப் பேச எனக்கும் வாய் இல்லை.

காரியமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜி.இ.பி.எஃப். அறங்காவலர்கள் 16 பேரில் 8 பேர் நம் பக்கத்து ஆட்கள். நிதியின் அளவு 2 லட்சம் கோடி ராண்டுக்கு மேல், ஆப்பிரிக்காவிலேயே பெரியது. அதை முதலீடு செய்வது பி.ஐ.சி. என்ற அரசு நிறுவனம். ஆயோ டெக்னாலஜி என்ற கம்பெனிக்கு 2017-இல் 430 கோடி ராண்ட் தூக்கிக் கொடுத்தார்களே, அதெல்லாம் நீதிபதி ம்பாட்டி விசாரணையில் சந்தி சிரித்தது. அப்புறம் சட்டம் திருத்தி பி.ஐ.சி. போர்டில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தார்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், போன வருஷம் என்ன கேட்டார் என்று உங்கள் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேளுங்கள்.

பென்ஷன் சூத்திரப்படி வருகிறதே, நிதி நஷ்டப்பட்டால் நமக்கென்ன என்று சிலர் கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு வருஷா வருஷம் கிடைக்கும் உயர்வு நிதியின் நிலையைப் பொறுத்தது. விலைவாசி ஏறுகிற வேகத்துக்குப் பென்ஷன் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று, எண்ணெய் டின் வாங்குகிற எந்தத் தாத்தாவையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு பானைத் திட்டத்தில் பணம் எடுக்கலாமா? நவராத்திரிச் செலவு இருக்கிறது.
- இளம் நர்ஸ், வெருலம்

பதில்: 2024 செப்டம்பருக்குப் பிறகு சேர்வதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு பானை, அது ஓய்வு வரை பூட்டு. மீதி ஒரு பங்கு இன்னொரு பானை, அதிலிருந்து வரி வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கலாம், குறைந்தது 2,000 ராண்ட். சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிப்பார்கள். அதைவிட முக்கியம், நமக்கு எடுத்த தொகைக்கு ஈடாக சர்வீஸ் வருஷத்தில் கழிப்பார்கள். கொலுவுக்குப் பழைய பொம்மையே போதும் தங்கச்சி.

கேள்வி: வேலையிடத்தில் யூனியனின் பிரதிநிதியாக, ஷாப் ஸ்டூவர்டாக இருக்கிறேன். பென்ஷனுக்காகக் கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவதில்லை. பிரியாணி போட்டும் பார்த்துவிட்டேன்.
- டொங்காட்

பதில்: எந்த மாதம் போட்டீர்கள்? புரட்டாசியில் மட்டன் பிரியாணி போட்டால் பத்துப் பேர் வந்ததே அதிகம் தம்பி.

"நமது உரிமைகளும் சவால்களும்" என்று நோட்டீஸ் அடித்தால் யாரும் வரமாட்டார்கள். "உங்கள் பென்ஷன் ஸ்டேட்மென்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று அடியுங்கள். இந்தப் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் நானே பார்த்தது இது. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற ஒரு டீச்சர் ஸ்டேட்மென்டோடு ஒரு பிஸ்கட் டின்னையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திறந்தால், நிறவெறி ஆட்சியில் இந்தியர்களுக்கென்று தனியாக இருந்த சபை, ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் காலத்துச் சம்பளச் சீட்டுகள், ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. ஸ்டேட்மென்டில் சர்வீஸ் தொடங்கிய தேதியைப் பார்த்தோம். தற்காலிக ஆசிரியையாக இருந்த 3 வருஷத்தைக் காணோம். 4 லட்சம் சம்பளக்காரருக்கு 3 வருஷம் என்றால் மாதம் 1,800 ராண்டுக்கு மேல், சாகிறவரை. அறையில் அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தங்கள் ஸ்டேட்மென்டை எடுத்தார்கள். வாரிசு நியமனப் படிவத்தில் விவாகரத்தான மனைவி பெயர் இன்னும் இருந்ததை ஒருவர் அங்கேதான் கண்டுபிடித்தார், பக்கத்திலேயே இரண்டாவது மனைவி.

டீச்சரின் மனு இன்னும் அலுவலகத்தில்தான் கிடக்கிறது, சீட்டுகளின் நகலோடு. அடுத்த கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள், பாதிப் பேர் கையில் ஏதோ ஒரு டின். டீயும் ரஸ்கும்தான் கொடுத்தோம்.