நான்காவது வாரம் வந்தால் கால் தரிக்கவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு 33 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை என்று சொன்னார்கள், எங்கள் டீமுக்கு அதுவே நிரந்தரமாகிவிட்டது. 2022 மார்ச்சில் வேளச்சேரி அறையைக் காலி செய்தேன். பீரோ, கட்டிலை நண்பனிடம் கொடுத்துவிட்டு ஒரு பை, ஒரு லேப்டாப்போடு கிளம்பியவன்தான். முதலில் வர்கலா. அப்புறம் இமாச்சலில் பீர், தரம்கோட் என்ற மலை ஊர்கள். பிறகு தைரியம் வந்து பாலி, வியட்நாம், தாய்லாந்து. மூன்றரை வருடத்தில் 31 அறைகள் மாறியிருக்கிறேன். ஒருநாள் தூக்கம் வராமல் எண்ணிப் பார்த்தேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். என்னோடு படித்தவர்கள் ‘வாழுறடா’ என்கிறார்கள். எனக்கும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும். வியட்நாமில் டா நாங் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே டிராகன் வடிவில் ஒரு பாலம் உண்டு. வார இறுதியில் இரவு 9 மணிக்கு அதன் வாயிலிருந்து நெருப்பு கக்குவார்கள். முதல் சனிக்கிழமை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். நான்காவது சனிக்கிழமை அதே பாலத்தின் அடியில் உட்கார்ந்து அடுத்த ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எந்த ஊரானாலும் இதே கதை. நான்காவது வாரம் வந்தால் நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கும். டிக்கெட் போட்டவுடன் சரியாகிவிடும்.

எங்கள் கிளையன்ட் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இந்திய நேரம் மாலை 5.30 முதல் இரவு 2 மணி வரை வேலை. நான் இப்போது இருக்கும் தாய்லாந்தில் அது 7 மணிக்கு ஆரம்பித்து அதிகாலை 3.30க்கு முடியும். நான் வெளிநாட்டில் இருப்பது மேனேஜருக்குத் தெரியாது. விபிஎன் போட்டுக்கொண்டு சென்னையில் இருப்பதாகத்தான் காட்டுகிறேன். மீட்டிங்கில் பல்லி சத்தம் கேட்டால்கூட மைக்கை அணைத்துவிடுவேன். இங்குள்ள பல்லி நம் ஊர்ப் பல்லி மாதிரி கத்தாது.

ஆகஸ்ட்டில் டா நாங்கில் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. கிளினிக்கில் படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. யோசித்துப் பார்த்து என்னுடைய இன்னொரு நம்பரையே எழுதினேன். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா, அறுபது வயது இருக்கும், ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது, தினமும் வாசலில் அரிசிக் கஞ்சி வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். காய்ச்சல் வந்தால் அப்பா சீரகம் போட்டுக் கஞ்சி வைப்பார். வாசனை கிட்டத்தட்ட அதே மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சல் விட்டு ஒரே வாரத்தில் சியாங் மாய்க்கு வந்துவிட்டேன். இங்கேயும் இப்போது மூன்றாவது வாரம்.

அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் தவறிவிட்டார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அம்மா இப்போது மதுரையில் அக்கா வீட்டில் இருக்கிறார். கோவில்பட்டி வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றுவிடலாம் என்கிறாள் அக்கா. வாரிசுச் சான்றிதழ் எல்லாம் தயார், என் கையெழுத்துதான் பாக்கி. ஐந்து மாதமாக ‘அடுத்த மாசம் வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அக்கா கோபத்தில், ‘நீ ஊர் சுத்தலடா, ஓடிக்கிட்டு இருக்க’ என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது, மேடம். ஆனால் சந்தோஷமாக இல்லை. யாரிடமும் ஒட்ட முடியவில்லை, எல்லாரும் மேலோட்டமாகப் பழகுகிறார்கள். நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டுமா? அல்லது எனக்குள்தான் ஏதாவது கோளாறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்


ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அந்தக் கஞ்சி. ஒருவர் உங்களைக் கவனித்துக்கொண்டார். அந்த வாசனை உங்களை அழவைத்தது. ஒரே வாரத்தில் அந்த ஊரையே விட்டுக் கிளம்பிவிட்டீர்கள். ‘யாரிடமும் ஒட்ட முடியவில்லை’ என்கிறீர்கள். ஒட்டுவதற்கு வந்த ஒருவர் மாடிப்படி ஏறித்தான் வந்திருக்கிறார்.

குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா சொன்ன ‘ஓடுகிறாய்’ என்ற சொல்லை நான் முழுதாக ஏற்கவில்லை. வர்கலாவில் தொடங்கி பாலி வரை தனியாகப் போய், வேலையையும் விடாமல், வாடகையும் கட்டி மூன்றரை வருடம் ஓட்டுவதற்கு நல்ல சாமர்த்தியம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. அதோடு ஒரு பழக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. நெஞ்சு அடைத்தால் டிக்கெட் போடுவது, போட்டவுடன் சரியாவது. தலைவலித் தைலம் மாதிரி வேலை செய்கிறது, அதனால் விட முடியவில்லை.

முதலில் உடம்பு விஷயத்தைப் பார்த்துவிடுவோம். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி முழுதாகத் தூங்காமல் காவல் இருப்பதுபோல் விழித்திருக்கிறது என்று 2016ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் கல்யாணக் கதையாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். நீங்கள் 31 அறைகள் மாறியிருக்கிறீர்கள். போதாததற்கு அதிகாலை 3.30 மணி வரை வேலை, அதிலும் பல்லி சத்தத்துக்குப் பயந்துகொண்டே வேலை. தினமும் எட்டு மணி நேரம் ஒரு பொய்யைப் பாதுகாப்பவர் பகலில் எப்படி அசந்து தூங்குவார்? நீங்கள் கோளாறு என்று நினைப்பதில் ஒரு பங்கு வெறும் தூக்கக் கடன் என்பது என் கணிப்பு.

அடுத்து அந்த நான்காவது வாரம். எந்தப் புதுமையும் பழகிப்போகும். டிராகன் நெருப்பு கக்கினாலும் நான்காவது சனிக்கிழமை அது தெருவிளக்குதான். மனித மனதின் இயல்பான வேலை அது, உங்களுக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது. சிக்கல் என்னவென்றால், புதுமை முடிகிற அதே நேரத்தில்தான் உறவு ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் இதை மணிக்கணக்கிலேயே ஆராய்ந்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாற ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று 2018ல் வெளியான அவருடைய ஆய்வு சொல்கிறது. ஒருவரோடு தினமும் இரண்டு மணி நேரம் பேசினாலும் ஒரு மாதத்தில் 60 மணி நேரம்தான் சேரும். அதாவது பழக்கம் நட்பாக மாறும் வாசலில் நீங்கள் ஒவ்வொரு முறையும் பையைத் தூக்கிவிடுகிறீர்கள். எல்லாரும் மேலோட்டமாகத் தெரிவது அவர்களுடைய குணத்தால் என்று நினைக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று. வியட்நாம் 2023 ஆகஸ்ட்டிலிருந்து 90 நாள் இ-விசா கொடுக்கிறது. ஒரு நாடு மூன்று மாதம் இரு என்கிறது, நீங்கள் ஒரு மாதத்தில் போய்வருகிறேன் என்கிறீர்கள்.

இப்போது நான் கேட்கத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் அப்பாவின் மறைவுக்கு ஒரே வரி. பல்லிக்கு இரண்டு வரி. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் எப்படி இருந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். முழு ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பதிவு. பலர் பெற்றவரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. பார்த்தவர்களும் துணி சுற்றிய உடலைத் தூரத்திலிருந்துதான் பார்த்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் கூட முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்து, போனவரைப் பற்றிப் பேசி, சிரித்து, அழுது, சாப்பிட்டுக் கலைவதற்கு நம் ஊரில் ஒரு காரணம் இருந்தது. அது அன்று பலருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. சென்னையில் இருந்தீர்களா, ஊருக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்பதும் இல்லை. அடுத்த பத்து மாதத்தில் வேளச்சேரி அறை காலியாகிறது. மூன்றரை வருடம் கழித்து, ஊர் பெயர் தெரியாத ஒருவர் வைத்த கஞ்சியில் சீரக வாசனை வருகிறது.

நான் தப்பாகவும் கணித்திருக்கலாம். கடிதத்தை வைத்துச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் 31 அறைகளுக்குப் போன ஒருவர் ஐந்து மாதமாகப் போகாமல் தள்ளும் ஒரே அறை கோவில்பட்டியில் இருக்கிறது என்றால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

போங்கள். வீட்டை விற்பதற்காக என்று போகாதீர்கள். குறைந்தது பத்து நாள் லீவு போட்டு, அந்த வீட்டிலேயே தங்குங்கள். அம்மாவையும் அக்காவையும் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். அப்பாவோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் யாராவது ஊரில் இருப்பார்கள், ஒரு டீ சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர்களிடம் உங்களுக்குத் தெரியாத அப்பா ஒருவர் இருப்பார். அக்காவிடம் இப்போதே தேதியைச் சொல்லிவிடுங்கள், ‘கையெழுத்தைப் பத்து நாள் கழித்துப் பேசுவோம், ஆனால் வருகிறேன்’ என்று. தேதி தெரியாத ‘அடுத்த மாசம்’தான் அவருக்குக் கோபம் என்று நினைக்கிறேன். விற்பதா வேண்டாமா என்பது அப்புறம். விற்றாலும் தப்பில்லை.

அதற்குப் பிறகும் பயணம் போக ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். இந்த முறை மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் முடியாது என்றால் இந்தியாவுக்குள் போக என்ன தடை? பீரிலும் வர்கலாவிலும் நீங்கள் மைக்கை அணைத்ததாக எழுதவில்லை. சரி என்றால், நேர்வழியில் போவதற்கு இப்போது வழிகள் வந்துவிட்டன. தாய்லாந்து 2024 ஜூலையில் தொலைவேலை செய்பவர்களுக்கும் சேர்த்து ஐந்து வருட விசா ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், வேலைக்கு ஆதாரம் தர வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறும், தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தால் வரி எப்படி என்பதை ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள், அது என் துறை இல்லை. கேட்டாலே வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கண்டுபிடிக்கப்பட்டால் இன்னும் மோசமாகப் போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும், அதனால்தான் பல்லிக்குப் பயப்படுகிறீர்கள்.

எங்கே போனாலும் ஒரு ஊரில் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரம் நெஞ்சு அடைக்கும், நிச்சயம் வரும். டிக்கெட் பார்க்கும் செயலியைத் திறக்கும் முன் ஒரு தாளில், ‘இன்று என்ன நடந்தது?’ என்று மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு போன், ஒரு வாசனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று ஏதோ ஒன்று இருக்கும். கிளம்புவதே தப்பு என்றும் சொல்லவில்லை. சியாங் மாயில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களையும் காட்டையும் எரிக்கும் புகை மூச்சு முட்ட வைக்கும். அப்போது கிளம்பினால் அது புத்திசாலித்தனம். காய்ச்சல் விட்ட ஒரே வாரத்தில் கிளம்பியதற்கு அப்படி என்ன காரணம் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. உங்களைப் போலவே பையோடு திரிபவர்களோடு மட்டும் பழகினால், நீங்கள் இருந்தாலும் அவர்கள் போய்விடுவார்கள். அந்த ஊரிலேயே இருக்கிறவர்களிடம் போங்கள். காலை 11 மணிக்கு எழுகிறவருக்கு மதியம் முழுதும் இருக்கிறது. ஒரு மொழி வகுப்பு, ஒரு பேட்மிண்டன் கோர்ட், தினமும் ஒரே சாப்பாட்டுக் கடை. ஒரே முகத்தை வாரத்துக்கு மூன்று தடவை பார்த்தால் போதும். அந்த வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு வரி அனுப்பலாம். செய்தியை மொழிபெயர்த்துத் தர போனே இருக்கிறது.

தூக்கமின்மை, சோர்வு, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தாலோ, கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். ஊரில் இருக்கும்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். அப்பாவைப் பற்றிப் பேச நேரில் ஓர் ஆலோசகரைப் பார்ப்பதும் நல்லது. நான்கைந்து தடவை போனாலே பாரம் குறைந்ததாகச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். உங்கள் ஷிப்டுக்கு ஏற்றபடி வீடியோவில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், அந்த கிளினிக் படிவம். அடுத்த முறை அந்தக் கட்டத்தில் அக்கா நம்பரை எழுதுங்கள். எழுதியதாக அவரிடம் சொல்லியும் விடுங்கள். முன்னால் 91 போட மறக்காதீர்கள்.